பயாப்சி முடிவு வந்த பிறகு யோசிக்க எத்தனை நாள் எடுத்துக்கொள்ளலாம்?

வாசகர் கேள்வி:

"எனக்கு வயது 46. மண்டபத்தை அடுத்த ஒரு கடற்கரைக் கிராமம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் பன்னிரண்டு நாள் கடலில் பாசி எடுக்கப் போவேன். கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டு, ராமநாதபுரத்தில் ஸ்கேன் எடுத்து, மதுரையில் ஊசி வைத்துச் சதை எடுத்தார்கள். மார்ச் 28-ஆம் தேதி முடிவு வந்தது. புற்றுநோய், 2.6 சென்டிமீட்டர், கிரேடு 2 என்று எழுதியிருக்கிறது. அக்குளில் ஒரு நெறி சற்றுப் பெரிதாக இருக்கிறதாம். முதலில் பார்த்த டாக்டர், 'நாளைக்கே சேர்ந்துவிடுங்கள், மார்பை முழுதாக எடுத்துவிடலாம்' என்றார். அண்ணன் மகன் அழைத்துப்போன இன்னொரு டாக்டர், கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கலாம், ஒருவேளை கீமோவை முதலில் கொடுக்க வேண்டியிருக்கலாம் என்கிறார். கணவர், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கையில் காசு வரட்டும் என்கிறார். நாத்தனாரோ ஊசி குத்தியதே தப்பு, இனிமேல் பரவிவிடும், நாட்டு மருந்து பார்க்கலாம் என்கிறார். மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம். யோசிக்க நேரம் வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டால் கோபித்துக்கொள்வாரா? யோசிக்கிற நேரத்தில் நோய் பரவிவிடுமா? அதுவரை பாசிக்குப் போகலாமா?"

அன்புச் சகோதரிக்கு,

யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. முடிவு கைக்கு வந்த மார்ச் 28-ஆம் தேதியிலிருந்து கணக்கிட்டால், ஏப்ரல் கடைசி வாரத்துக்குள் சிகிச்சையின் முதல் படி, அது அறுவையாக இருந்தாலும் கீமோவாக இருந்தாலும், தொடங்கிவிட வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு இடைப்பட்ட நாள்கள் உங்களுடையவை. அவற்றை எடுத்துக்கொள்வதற்காக நீங்கள் எவரிடமும் தயங்கி நிற்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் கணவர் சொல்வதுபோல் தடைக்காலம் முடியும் ஜூன் 14 வரை காத்திருப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முடிவு வந்த நாளிலிருந்து அது பதினொரு வாரம்.

மூன்று, நான்கு வாரம் பரவாயில்லை என்றும் பதினொரு வாரம் கூடாது என்றும் எதை வைத்துச் சொல்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். மார்பகக் கட்டி கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு வளரப் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் ஆகிறது. உங்கள் விரலுக்கு அது தெரியவந்த நாள் வேறு, அது தொடங்கிய நாள் வேறு. ஆகவே முடிவு வந்த மறுநாள் அறுவை செய்வதற்கும் இரண்டு வாரம் கழித்துச் செய்வதற்கும் இடையில், உங்களுடையதைப் போன்ற நோயில், அளந்து காட்டக்கூடிய வேறுபாடு அநேகமாக இருப்பதில்லை. ஆனால் வாரங்கள் சேர்ந்து மாதங்களாகும்போது கணக்கு மாறுகிறது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட ஆய்வின்படி, புற்றுநோய் அறுவை நான்கு வாரம் தள்ளிப்போகும்போது இறப்புக்கான வாய்ப்பு 6 முதல் 8 விழுக்காடு வரை கூடுகிறது. இந்த எண்ணைப் பார்த்து அஞ்ச வேண்டாம். அதைச் சரியாகப் புரிந்துகொண்டால் போதும். நூறு பெண்களில் பத்துப் பேரின் உயிரை ஒரு நோய் பறிக்கும் என்று வைத்துக்கொண்டால், நான்கு வாரத் தாமதத்தில் அந்தப் பத்து, பதினொன்றை நெருங்குகிறது. அடுத்த நான்கு வாரத்தில் மேலும் கூடுகிறது. உலகச் சுகாதார நிறுவனமும், ஒரு பெண் கட்டியோடு முதன்முதலில் மருத்துவரிடம் வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டும் என்றே வரையறை வைத்திருக்கிறது. நீங்கள் முதலில் ராமநாதபுரத்தில் காட்டிய தேதியைக் கடிதத்தில் எழுதவில்லை. அந்த மூன்று மாதத்தை அங்கிருந்து எண்ண வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லும் அவகாசம் பொருந்தாதவர்களும் உண்டு. மார்புத் தோல் திடீரென்று சிவந்து, சூடேறி, நார்த்தங்காய்த் தோல்போல் குழிகுழியாகத் தடித்துக்கொண்டு வந்தாலோ, கட்டி புண்ணாகி இரத்தம் கசிந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, விடாத முதுகுவலியோடு கால்கள் தளர்ந்தாலோ, வாரக்கணக்கில் யோசிக்க இடமில்லை. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இந்த நாள்களில் புதிதாக ஏதேனும் தென்பட்டால் எடுத்த முடிவுகளை எல்லாம் ஒதுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

முதலில் பார்த்த மருத்துவர் 'நாளைக்கே' என்றதை நீங்கள் தவறாக எடுத்துக்கொண்டிருக்கக் கூடும். அவர் அவசரத்துக்கும் ஒரு காரணம் உண்டு. நம் மாவட்டங்களில் 'வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்' என்று எழுந்துபோகும் பெண்களில் ஒரு பகுதியினர் திரும்பி வருவதே இல்லை. வந்தாலும் ஆறு மாதம் கழித்து, கட்டி புண்ணாகி, வாடை வீசும்போதுதான் வருகிறார்கள். அப்படி நாலு பேரைப் பார்த்த மருத்துவர் ஐந்தாவது பெண்ணைக் கையோடு பிடித்து உட்கார வைக்கவே பார்ப்பார். நானும் அதைச் செய்திருக்கிறேன். படிப்பு முடித்த புதிதில், தொண்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு, முடிவு வந்த நான்காம் நாளே மார்பை முழுதாக எடுத்தேன். அறுவை நன்றாகவே முடிந்தது. தையல் பிரிக்க வந்த அன்று அவர் தலையைக் குனிந்துகொண்டு, "பக்கத்துக் கட்டில்காரவுகளுக்குக் கட்டிய மட்டும் எடுத்தாகளாமே டாக்டரம்மா. எங்கிட்ட ஏன் கேக்கல?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அவருக்கு அது பொருந்தியிருக்குமா என்பதை நான் அன்று எடைபோட்டுப் பார்க்கவே இல்லை என்பதுதான் உண்மை. கட்டியின் தன்மையைச் சொல்லும் சோதனைகளைக்கூட அறுவைக்குப் பிறகே அனுப்பியிருந்தேன்.

கேட்டுவிட்டுச் செய்வது என்ற இந்த வழக்கம் மருத்துவத்தில் தானாக வந்ததல்ல. 1970-களின் நடுப்பகுதிவரை அமெரிக்காவிலேயே, மார்பில் கட்டியுள்ள பெண்ணை மயக்கி, சிறு துண்டை எடுத்து அப்போதே சோதித்து, புற்றுநோய் என்று தெரிந்தால் அந்த மயக்கத்திலேயே மார்பை எடுத்துவிடுவார்கள். கண் விழித்துத் தடவிப் பார்த்துத்தான் அவளுக்குத் தன் நோயே தெரியும். அந்த நோய்க்கு ஆளான ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர், சோதனை ஒரு நாள், சிகிச்சை வேறொரு நாள் என்று பிரிக்க வேண்டும் என்று விடாமல் வாதாடினார். 1979-இல் அந்நாட்டுத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு, அவரும் ஓர் உறுப்பினராக இருந்த குழு, அதை ஏற்றுக்கொண்டது. நம் நாட்டிலும், ஒரு சோதனைக்காகக் கொடுத்த சம்மதத்தைச் சிகிச்சைக்கான சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றும், வேறு என்ன வழிகள் உண்டு, எதில் என்ன ஆபத்து என்பதை நோயாளி முடிவெடுக்கப் போதுமான அளவுக்கு மருத்துவர் சொல்ல வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே நீங்கள் நேரம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

இனி அந்த நேரத்தில் என்ன செய்வது என்று பார்ப்போம். நீங்கள் அனுப்பிய விவரத்தில் ஒரு முக்கியமான தகவல் இல்லை. கட்டியின் அளவு இருக்கிறது, அதன் அணுக்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்று சொல்லும் கிரேடு இருக்கிறது, ஆனால் இ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ற மூன்று சோதனைகளின் முடிவு இல்லை. முதல் இரண்டும் கட்டி வளர ஹார்மோன் துணைசெய்கிறதா என்றும், மூன்றாவது ஹெர்-2 என்ற புரதம் அதில் மிகுந்திருக்கிறதா என்றும் காட்டும். இந்த மூன்றும் இல்லாமல் எந்தச் சிகிச்சை முதலில் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு மருத்துவர்கள் உங்களுக்கு இரண்டு விதமாகச் சொன்னதற்குக்கூட இதுவே பாதிக் காரணமாக இருக்கலாம்.

சென்ற ஆண்டு தேவிபட்டினம் பக்கத்திலிருந்து ஒரு மூதாட்டி தம் காகிதங்களை எல்லாம் ஓர் ஓலைக்கொட்டானில் போட்டு எடுத்து வந்திருந்தார். உப்புக் காற்றில் ஓரம் நமுத்துப்போன ஸ்கேன் படம், மூன்று கடைகளின் மருந்துச் சீட்டுகள், மதுரை பஸ் டிக்கெட்டுகள்கூட அதில் இருந்தன. இந்த மூன்று சோதனைகளின் தாள் மட்டும் இல்லை. விசாரித்தால், அந்தச் சோதனையை யாரும் கேட்கவே இல்லை என்று தெரிந்தது. நல்ல வேளையாக, ஊசி வைத்து எடுத்த சதையை மெழுகில் பதித்துச் செய்யும் சிறு கட்டை, 'பிளாக்' என்பார்கள், பரிசோதனைக் கூடத்திலேயே பத்திரமாக இருந்தது. அதிலிருந்து மெல்லிய சீவலை எடுத்து அந்த வாரத்திலேயே சோதனையைச் செய்து முடித்தோம்; மறுபடி ஊசி குத்த வேண்டியிருக்கவில்லை. உங்கள் பிளாக்கும் மதுரையில் இருக்கும். அறிக்கையில் உள்ள எண்ணைச் சொல்லி, அந்தச் சோதனைகள் நடந்துவிட்டனவா என்று கேளுங்கள். நடக்கவில்லை என்றால் உடனே செய்யச் சொல்லுங்கள். ஹெர்-2 முடிவு '2 பிளஸ்' என்று வந்தால் அது இரண்டுங்கெட்டான் நிலை. ஃபிஷ் என்ற இன்னொரு சோதனை செய்தால்தான் தெளிவாகும். அதற்கும் சில நாள்கள் பிடிக்கும் என்பதால்தான் இதை முதல் வேலையாக வைக்கச் சொல்கிறேன்.

அடுத்தது அக்குள் நெறி. பெரிதாக இருப்பதெல்லாம் நோய் ஆகாது. பாசி எடுக்கையில் பாறை கிழித்துக் கையில் புண் இருந்தாலும் நெறி கட்டும். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே அந்த நெறியில் ஊசி வைத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். அது நோயில்லை என்று வந்தால் ஒரு வழி, நோய் என்று வந்தால் வேறு வழி.

இந்த இரண்டு முடிவுகளும் வந்தபின் ஒரு வேடிக்கை நடக்கக்கூடும். உங்களைத் தூங்கவிடாமல் செய்கிற கேள்விக்கு, அதாவது முழுதாக எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா என்பதற்கு, இப்போது விடையே தேவைப்படாமல் போகலாம். ஹெர்-2 பாசிட்டிவ் என்றோ, மூன்றும் நெகட்டிவ் என்றோ வந்தால், உங்கள் கட்டியின் அளவுக்கு, அதிலும் நெறியில் நோய் இருந்தால், முதலில் கீமோவைக் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டுப் பிறகு அறுவை செய்வதே இன்று பெரும்பாலும் பின்பற்றப்படும் முறை. அப்படியானால் அறுவையைப் பற்றி முடிவெடுக்க உங்களுக்கு நான்கைந்து மாதம் கிடைக்கும். அந்த மாதங்கள் வீணாகவும் போகாது, ஏனென்றால் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும். அந்த வழி என்றால் ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: கீமோ தொடங்குமுன் கட்டிக்குள் சிறிய உலோக கிளிப் ஒன்றை வைக்க வேண்டும். சிலருக்குக் கட்டி முழுதாகக் கரைந்துவிடும். பிறகு எந்த இடத்தை அறுப்பது என்று தேடிக்கொண்டிருக்க நேரும்.

இ.ஆர்., பி.ஆர். பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ், நெறியும் சுத்தம் என்று வந்தால் அறுவைதான் பெரும்பாலும் முதலில். அப்போது இரண்டு வழிகளையும் எடைபோட வேண்டியிருக்கும்.

உயிர் பிழைப்பதைப் பொறுத்தவரை இரண்டும் சமம் என்பது நெடுங்காலம் பொறுத்திருந்து பார்த்து உறுதிசெய்த செய்தி. இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்ட்டோ வெரோனேசி 701 பெண்களிடமும், அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் 1,851 பெண்களிடமும் 1970-களில் தொடங்கிய ஆய்வுகளின் இருபதாண்டு முடிவுகள் 2002-இல் ஒன்றாக வெளிவந்தன. முழுதாக எடுத்துக்கொண்டவர்களும், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு வைத்துக்கொண்டவர்களும் ஒரே அளவில்தான் உயிர் வாழ்ந்திருந்தார்கள். 'முழுதாக எடுத்தால்தான் உயிர் தங்கும்' என்று யாராவது சொன்னால் அது பழைய பேச்சு. ஆனால் அதே ஃபிஷர் ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு வைக்காமல் விட்ட பெண்களில் 39 விழுக்காட்டினருக்கு அதே மார்பில் நோய் திரும்ப வந்தது. கதிர்வீச்சு வைத்தவர்களில் 14 விழுக்காட்டினருக்கு மட்டுமே வந்தது. இன்றைய மருந்துகளால் இந்த எண்கள் குறைந்திருக்கின்றன என்றாலும், கட்டியை மட்டும் எடுப்பது என்று நீங்கள் முடிவெடுத்தால் கதிர்வீச்சையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று பொருள். பாதியில் நிறுத்துவதற்கில்லை.

கதிர்வீச்சு என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை நாள்தோறும் போக வேண்டும். முன்பு ஐந்து வாரம் வைத்ததை இப்போது பெரும்பாலோருக்கு மூன்று வாரத்தில் முடிக்கிறார்கள். சிலருக்கு அதைவிடக் குறைந்த நாள்களிலும் முடிகிறது. கருவியில் படுத்திருப்பது சில நிமிடந்தான். ஆனால் உங்கள் ஊரிலிருந்து மதுரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். தினமும் போய்வருவது நடக்கிற காரியமில்லை. மூன்று வாரம் எங்கே தங்குவது, கூட யார் இருப்பது, வீட்டில் சோறு யார் பொங்குவது என்பதெல்லாம் மருத்துவத்துக்கு வெளியே உள்ள கேள்விகள் என்று எண்ணி டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிடுவீர்கள். சொல்லுங்கள். அதே சமயம், 'மதுரைக்கு அலைய முடியாது, ஆகவே முழுதாக எடுத்துவிடுங்கள்' என்று அவசரப்பட்டும் சொல்லிவிடாதீர்கள். நெறியில் நோய் இருந்தால் முழுதாக எடுத்த பிறகும் கதிர்வீச்சு வேண்டியிருக்கலாம். மார்பையும் இழந்து மதுரைக்கும் அலைந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அலைச்சலைத் தவிர்ப்பது மட்டுமே காரணம் என்றால், 'முழுதாக எடுத்தாலும் எனக்குக் கரண்ட் தேவைப்படுமா?' என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்பைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். என் கவலை உங்கள் இடக்கையைப் பற்றியது. இடக்கையால் பாறையைப் பற்றிக்கொண்டு வலக்கையால் மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்குவதாகவும், விரல்களில் துணி சுற்றியும் கீறல் படாத நாளில்லை என்றும் கடிதத்தின் கடைசியில், இங்கே வெளியிடாத பகுதியில், எழுதியிருந்தீர்கள். அக்குள் நெறிகளை மொத்தமாக எடுத்துவிட்டால், அந்தக் கையிலிருந்து நீர் வடிந்து திரும்பும் பாதை அடைபட்டு, ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்கிவிடுகிறது. வீங்கிய கையில் ஒரு சிறு கீறல் பட்டாலும் சீழ்ப்பிடித்துக் காய்ச்சல் வரக்கூடும். சாயம் போட்டு, மார்பிலிருந்து நீர் முதலில் வந்து சேரும் நெறியை, அதாவது முதல் நெறியை மட்டும் கண்டுபிடித்து எடுத்துச் சோதிக்கும் முறையில் இந்த வீக்கம் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்குத்தான் வருகிறது. நெறியில் நோய் இல்லாதவர்களுக்கும், கீமோவுக்குப் பிறகு நோய் மறைந்த சிலருக்கும் அந்த முறை பொருந்தும். எல்லா மருத்துவமனைகளிலும் அதைச் செய்வதில்லை. ஆகவே நீங்கள் எந்த மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும்போது, 'முதல் நெறியை மட்டும் எடுத்துச் சோதிக்கும் வசதி இங்கே இருக்கிறதா, எனக்கு அது பொருந்துமா?' என்பதையே முதல் கேள்வியாக வையுங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவருக்கு இது நான்காவது, ஐந்தாவது கேள்வியாக இருக்கலாம். உங்கள் பிழைப்பு அந்தக் கையில் இருக்கிறது.

நோயாளிகள் எங்களிடம் அடிக்கடி கேட்பது ஒன்று உண்டு: 'உங்க அக்காவா இருந்தா என்ன செய்வீங்க?' நம்பிக்கையோடு கேட்கிறார்கள், ஆனால் எனக்கு அந்தக் கேள்வி பிடிப்பதில்லை. என் அக்கா மதுரையில், கதிர்வீச்சுக் கருவியிலிருந்து கால் மணி நேரத் தொலைவில் இருக்கிறாள். அவளுக்கு மாதாமாதம் ஓய்வூதியம் வருகிறது. அவள் கடலில் இறங்குவதில்லை. அவளுக்குச் சரியானது உங்களுக்குச் சரியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அதற்குப் பதிலாக, 'நான் இன்ன வேலை செய்கிறேன், இன்ன தூரத்தில் இருக்கிறேன், எனக்கு இதுதான் பெரிய பயம். இதை வைத்துப் பார்த்தால் எது பொருந்தும்?' என்று கேளுங்கள். இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: 'இரண்டு வாரம் எடுத்துக்கொண்டால் என் நோய்க்கு என்ன ஆகும்?' இந்தக் கேள்விக்கு மருத்துவர் தேதியோடு பதில் சொல்ல வேண்டும். 'சீக்கிரம் வந்தால் நல்லது' என்பது பதிலாகாது.

உங்கள் கணவரின் கணக்கை நான் புறக்கணிக்கவில்லை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், பங்கு வராது. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். ஆண்டில் அவர் வீட்டில் இருக்கும் மாதங்கள் இவைதான். படகு கடலுக்குப் போனபின் மதுரையில் உங்கள் கட்டிலருகே யார் இருப்பார்கள்? நான் சொல்லும் ஏப்ரல் கடைசி வாரம் தடைக்காலத்துக்குள்ளேயே வருகிறது. அறுவையோ முதல் சில கீமோவோ அவர் கரையில் இருக்கும்போதே முடிந்துவிடும். பணத்துக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, திட்டத்தில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் புற்றுநோய் அறுவை, கீமோ, கதிர்வீச்சு மூன்றுக்கும் பயன்படுத்தலாம். அட்டை இல்லை என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையும் ஆதாரும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்துக்குப் போக வேண்டும். மருத்துவமனை அனுப்பும் கோரிக்கைக்கு ஒப்புதல் வரவும் சில நாள் ஆகலாம். யோசிக்கும் நாள்களிலேயே இந்த வேலையும் நடக்கட்டும். பஸ் செலவுக்கும் தங்கும் செலவுக்கும் கையில் பணம் வேண்டும் என்பது உண்மை. அதற்குப் படகு உரிமையாளரான சம்மாட்டியிடம் முன்பணம் கேட்பதா, சுயஉதவிக் குழுவில் கேட்பதா என்பது உங்கள் வீட்டுக் கணக்கு. ஆனால் அது ஐந்து லட்சத்துக்கான கணக்கு அல்ல என்பதைக் கணவருக்குச் சொல்லுங்கள்.

நாத்தனாரின் அச்சத்துக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். ஊசி வைத்துச் சதை எடுத்ததால் நோய் பரவி ஆயுள் குறைந்தது என்பதற்குச் சான்று இல்லை. ஊசி வைக்காமல் அறுத்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். நாட்டு மருந்தைப் பொறுத்தவரை, நடைமுறைச் சிகிச்சையை ஒதுக்கிவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு இறப்பு வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மேல் இருந்ததாக அமெரிக்காவில் 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பசிக்கோ மலச்சிக்கலுக்கோ வீட்டு வைத்தியம் செய்துகொள்ளுங்கள். கீமோ நடக்கையில் கஷாயம், பஸ்பம் எதையும் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பிடாதீர்கள்.

மகளின் சம்பந்தத்துக்காக நோயை மறைப்பதா என்பதில் நான் நீதி சொல்ல வரவில்லை. யாரிடம் எப்போது சொல்வது என்பது உங்கள் உரிமை. ஒரு தகவலை மட்டும் தருகிறேன்: மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது 5 முதல் 10 விழுக்காடுதான். உங்கள் தாய், பெரியம்மா, சித்தி, உடன்பிறந்தவர்கள் என்று யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் இருந்திருந்தால் மட்டும் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். மற்றபடி, மகளிடம் மட்டுமாவது மறைக்காதீர்கள். மதுரையில் தாள்களைப் படித்துச் சொல்ல, கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ள, உங்களுக்கு ஓர் ஆள் வேண்டும்.

மருத்துவர் கோபித்துக்கொள்வாரா என்று கேட்டிருந்தீர்கள். சிலர் முகம் சுளிக்கலாம். நாளெல்லாம் நூறு பேரைப் பார்ப்பவர்கள். ஆனால் 'யோசித்துச் சொல்கிறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தால்தான் அவருக்கு நீங்கள் திரும்ப மாட்டீர்கள் என்ற சந்தேகம் வரும். 'டாக்டர், எனக்குப் பயமாக இருக்கிறது. ஹெர்-2 முடிவு வரட்டும், வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு அடுத்த வாரம் இன்ன தேதிக்கு வருகிறேன். அந்தத் தேதிக்கு எனக்கு ஒரு சீட்டுப் போட்டுக் கொடுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள். இன்னொரு மருத்துவரிடம் கேட்பதற்காக உங்கள் மருத்துவக் குறிப்புகளின் நகலைக் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. இன்னொரு மருத்துவர் என்றால் ஒருவர் போதும். நான்கு பேரைக் கேட்டால் நான்கு வாரம் போய்விடும், குழப்பம்தான் மிஞ்சும். அவரும் அறுவை, கீமோ, கதிர்வீச்சு மூன்று பிரிவினரும் கூடிப் பேசி முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவராகப் பாருங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையோ, தூரம் முடியும் என்றால் 1954-இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையமோ, உங்கள் அண்ணன் மகன் எது வசதி என்று பார்க்கட்டும். போகும்போது அறிக்கையை மட்டும் எடுத்துப்போகாமல், சதைச் சீவலை ஒட்டிய கண்ணாடித் தகடான ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்டு வாங்கிப்போங்கள்; அவற்றை அவர்களே மறுபடி பார்ப்பார்கள்.

இதற்கிடையில் இரத்தச் சர்க்கரை, ஹீமோகுளோபின் இரண்டையும் ராமநாதபுரத்திலேயே பார்த்துவிடுங்கள். இரத்தம் குறைவாக இருந்தாலோ சர்க்கரை கூடியிருந்தாலோ அறுவையைத் தள்ளிவைப்பார்கள். மதுரைக்குப் போய் அதைத் தெரிந்துகொண்டு திரும்புவது வீண் அலைச்சல்.

அதுவரை பாசிக்குப் போகலாமா என்ற கேள்விக்கு: ஊசி வைத்த இடம் நன்றாக மூடி, சிவப்போ கசிவோ இல்லாமல் இருந்தால் தாராளமாகப் போகலாம். கடல் நீரால் கட்டி வளராது. வேலை செய்வதால் பரவாது. இடக்கையில் கீறல் படாமல் உறை போட்டுக்கொள்ளுங்கள். கீமோ தொடங்கிவிட்டால் கிருமி தொற்றும் ஆபத்து இருப்பதால் சில மாதம் கடலில் இறங்க முடியாது. வரும் அமாவாசை நாள்களில் மதுரைக்குப் போக வேண்டிய தேதி ஒன்று விழுந்தால், அன்றைக்கு மட்டும் பாசியை விட்டுவிட்டுக் காலை ரயிலைப் பிடித்துவிடுங்கள்.